இரைச்சல் இருந்தால்தான் தூக்கம் வருகிறதா? கவலை வேண்டாம்!

"டாக்டர், அமைதியா இருக்கணும்னுதான் இங்கிட்டு வந்து வீடு கட்டினோம். குடி வந்த நாள்லேருந்து தூக்கமே போச்சு!"

கீழக்குயில்குடியில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு டீச்சரம்மா, நாற்காலியில் உட்காரும்போதே இப்படித்தான் ஆரம்பித்தார். வயது 61. ஓய்வு பெற்று ஒரு வருஷம். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். பெரிய கோளாறு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

"இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்கம்மா?"

"செல்லூர்ல. கல்யாணம் ஆனதிலிருந்து 35 வருஷம். பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீடு எல்லாம் தறிதான். ராத்திரி ரொம்ப நேரம் தடக் தடக்னு ஓடிக்கிட்டே இருக்கும். அங்கே நல்லாத் தூங்கினேன் டாக்டர். இங்கே ஒரு சத்தமும் கிடையாது. ஆனா படுத்தா மணிக்கு ஒரு தடவை முழிப்பு!"

அவர் சொன்னதிலேயே நோயும் இருந்தது, பாதி மருந்தும் இருந்தது. இன்னும் ஒரு விஷயமும் அதில் ஒளிந்திருந்தது. அதை நான் அன்றைக்குக் கேட்கத் தவறிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், பெரிய ஆலமரம். மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்று இரண்டு இடங்களில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. இதே மலைத்தொடரில் முத்துப்பட்டிப் பக்கம் போனால் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகளைப் பார்க்கலாம். வெறும் பாறை, தலைமாட்டில் கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். மெத்தை சரியில்லை என்று தூக்கம் கெட்டு வருகிறவர்களை அங்கே ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வது என் வழக்கம்.

தூக்கத்துக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 1914ல் வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்த ஊர் மக்கள் மேல் போட்டது. கைரேகை வைத்து, இரவில் ஆஜர் கொடுத்து, சொந்த வீட்டில் நிம்மதியாகத் தலைசாய்க்க முடியாமல் இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1947ல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. இரவில் தன் வீட்டில் தூங்குவது என்பது சிலருக்குப் போராடிக் கிடைத்த சொத்து என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சரி, டீச்சரம்மாவிடம் வருவோம்.

இங்கே ஒரு சத்தமும் இல்லை என்றாரே, அது உண்மையா? நானும் இங்கேதான் குடியிருக்கிறேன். இரவு 11 மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். அந்த நிசப்தத்தின் நடுவில் ஒரு நாய் குரைக்கும். உடனே தெருக்கோடியில் இருக்கிற நாய்கள் எல்லாம் பதில் சொல்லும். நான்கு வழிச் சாலையில் போகிற லாரி ஏர் ஹாரன் அடிக்கும். விடியற்காலையில் மலைப்பக்கம் இருந்து மயில் அகவும். மயில் ஆடுவதைப் பார்த்து ரசித்தவர்கள், அது 4 மணிக்கு ஜன்னல் ஓரத்தில் கத்துவதையும் ஒரு தடவை கேட்க வேண்டும்!

செல்லூரில் இருந்தது ஓயாத, ஒரே சீரான சத்தம். இங்கே இருப்பது அமைதி. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு வருகிற திடீர்ச் சத்தம். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சத்தம் அல்ல, சத்தத்தில் ஏற்படுகிற மாற்றம்தான்.

காதுக்கு இமை இல்லை

கண்ணுக்கு இமை உண்டு, மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. நாம் தூங்கினாலும் காது தூங்குவதில்லை. சித்த மருத்துவத்தில் ஐம்பூதங்களில் ஆகாயத்தின் பொறி செவி, அதன் புலன் ஓசை என்று சொல்வோம். ஆகாயத்துக்குக் கதவு ஏது?

காதுக்குள் போகிற ஓசையை மூளை விடிய விடியக் காவல்காரன் மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறது. "இது ஆபத்தா, இல்லையா?" என்பதுதான் அதன் ஒரே கேள்வி. மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஓசையைக் கொஞ்ச நேரத்தில் "இது பழகினதுதான்" என்று ஒதுக்கிவிடும். புதிதாக ஒன்று வந்தால் உடனே உசுப்பிவிடும். அடுத்த அறையில் மாமனார் இருமினால் அசையாத மருமகள், தன் குழந்தை முனகினால் சட்டென்று எழுந்து உட்காருகிறாளே, அது இந்தக் காவல்காரனின் வேலைதான்.

தூங்கும்போது மூளையில் ஸ்லீப் ஸ்பிண்டில் என்ற சிறு சிறு மின் அலைத் தொகுப்புகள் தோன்றுகின்றன. மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவியில் அவற்றைப் பார்க்கலாம். இந்த அலைகள் அதிகமாக உள்ளவர்கள் சத்தத்துக்கு எளிதில் விழிப்பதில்லை என்று 2010ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. "இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்று சிலரைச் சொல்கிறோமே, அது சோம்பேறித்தனம் அல்ல, மூளையின் அமைப்பு. வயது ஏற ஏற இந்த அலைகள் குறைகின்றன. அதனால்தான் தாத்தா பாட்டிகளுக்குக் குண்டூசி விழுந்தாலும் முழிப்பு வந்துவிடுகிறது. வீம்புக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

சத்தத்தில் வருகிற மாற்றம்தான் எழுப்புகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2005ல் வெளியானது. ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கேட்கிற சத்தங்களைப் பதிவு செய்து, ஆரோக்கியமான ஆட்கள் தூங்கும்போது ஒலிக்க விட்டார்கள். அடிக்கடி விழித்துக்கொண்டார்கள். பிறகு அதே சத்தங்களுடன் ஒரு சீரான இரைச்சலையும் சேர்த்து விட்டார்கள். மொத்தச் சத்தம் கூடியது. ஆனால் விழிப்பு வெகுவாகக் குறைந்தது! ஆய்வில் இருந்தவர்கள் 4 பேர்தான். ஆனாலும் விஷயம் புரிகிறது அல்லவா? கறுப்புத் துணியில் விழுந்த வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறத் துணியில் விழுந்தால் அவ்வளவாகத் தெரியாது. சீரான இரைச்சல் அந்தச் சாம்பல் நிறத் துணி.

அதென்ன வெள்ளை இரைச்சல்?

இந்த இரைச்சலுக்கு ஆங்கிலத்தில் ஒயிட் நாய்ஸ் என்று பெயர். தமிழில் வெள்ளை இரைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்லா நிறமும் கலந்தால் வெள்ளை வெளிச்சம் வருகிறது அல்லவா? அது போலக் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை காதுக்குக் கேட்கிற எல்லா ஓசைகளும் ஒரே அளவில் கலந்து வந்தால் அது வெள்ளை இரைச்சல். நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்தக் காலத்து டி.வி.யில் புள்ளி புள்ளியாக ஆடுமே, அப்போது "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வருமே... ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

எல்லா ஸ்தாயியும் இதில் இருப்பதால் நாய் குரைப்பது, கதவு சாத்துவது, பக்கத்து வீட்டுப் பேச்சு என எது வந்தாலும் அதன் கூர்மையை இது மழுங்கடித்துவிடுகிறது.

ஆனால் அசல் வெள்ளை இரைச்சல் காதுக்குக் கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கும். மேல் ஸ்தாயியைக் குறைத்துவிட்டால் மழை பெய்கிற மாதிரி இதமாக இருக்கும். இதை பிங்க் நாய்ஸ் என்கிறார்கள். இன்னும் குறைத்தால் தூரத்து அருவி மாதிரி "ஹோ" என்று கேட்கும். அது பிரவுன் நாய்ஸ். இந்த பிரவுன் நிறத்தின் பெயர் அல்ல! துகள்களின் ஓயாத ஆட்டத்தைக் கண்டு எழுதிய ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் சீசனுக்கு நண்பர்களோடு குற்றாலம் போவோம். அருவிக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் முதல் அரை மணி நேரம் "இந்த இரைச்சலில் எவன் தூங்குவான்?" என்று தோன்றும். அப்புறம் காலை 8 மணிக்குத்தான் விழிப்பே வரும். அப்போது இதற்கெல்லாம் பெயர் தெரியாது.

இதை விற்பனைக்குக் கொண்டு வந்த கதையும் வேடிக்கையானது. 1962ல் அமெரிக்காவில் ஜிம் பக்வால்டர் என்பவர் ஒரு விசிறியை டப்பாவுக்குள் அடைத்து, காற்று வராமல் இரைச்சல் மட்டும் வருகிற மாதிரி செய்து விற்றார். விடுதியில் தங்கியபோது ஏ.சி. ஓடாததால் அவர் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை, அதில் பிறந்த யோசனை அது. காற்று இல்லாத விசிறியைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நம் ஊர் வெயிலுக்குக் காற்றோடு சேர்த்தே கிடைக்கிறது, நமக்கு எதற்கு அந்த டப்பா?

2012ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போன அந்த நொடியிலேயே வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வோம். வேர்ப்பதற்கு இரண்டு நிமிஷமாவது ஆக வேண்டுமே! உடனே எழுப்பியது புழுக்கம் அல்ல, விசிறியின் ஓசை நின்றுபோனதுதான்.

சித்த நூல்கள் சொல்வது

உடம்பில் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், கண்ணீர் என்று போகும் அந்த வரிசையில் நித்திரையும் ஒன்று. தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, பேச்சுக் குழறல், காது மந்தம் வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ராத்திரி முழுக்க செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் காலேஜ் பிள்ளைகளைக் காலையில் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை இரைச்சலைப் பற்றி எங்கள் சுவடியிலேயே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் எதை எடுத்தாலும் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் வீட்டுப் பெண்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு "ஷ்ஷ்... ஷ்ஷ்..." என்று சொல்வது மட்டும் அப்பட்டமான வெள்ளை இரைச்சல்தான். கருப்பையில் அம்மாவின் இரத்தம் ஓடுகிற ஓசையைக் கேட்டே வளர்ந்த குழந்தைக்கு அது பழைய வீட்டு ஞாபகம்.

1990ல் லண்டனில் பிறந்து 2 முதல் 7 நாள் ஆன 40 சிசுக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 16 குழந்தைகள் ஐந்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டன. கேட்காத 20ல் அப்படித் தூங்கியவை 5 மட்டும்தான். இதைப் படித்ததும் பேரன் தொட்டிலில் செல்போனைக் கட்டித் தொங்கவிடாதீர்கள், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்!

குழந்தைக்கு உஷார்!

2014ல் கனடா நாட்டு டாக்டர்கள் குழந்தைகளுக்காக விற்கப்படும் 14 இரைச்சல் கருவிகளை அளந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகளில் சிசுக்கள் இருக்கும் அறைக்குச் சிபாரிசு செய்யப்படும் அளவு 50 டெசிபல். முழு வேகத்தில் வைத்தபோது, ஒரு மீட்டர் தள்ளி வைத்தும்கூட எல்லாக் கருவிகளும் அந்த அளவைத் தாண்டின. தொட்டில் ஓரத்தில், 30 சென்டிமீட்டர் தூரத்தில், மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. அது தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லப்படும் அளவு. பிஞ்சுக் காது என்னத்துக்கு ஆகும்?

காது மட்டுமல்ல. குழந்தையின் மூளை பேச்சொலிகளைப் பிரித்தறியப் பழகுகிற வயது அது. 2003ல் வெளியான ஆய்வில், பிறந்ததிலிருந்து ஓயாத இரைச்சலில் வளர்த்த எலிக்குட்டிகளின் மூளையில் ஓசையைப் பிரித்தறியும் பகுதி முதிர்ச்சி அடையத் தாமதமானது. எலிக்கு ஆனது அப்படியே குழந்தைக்கும் ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் 24 மணி நேரமும் இரைச்சலை ஓடவிட்டுப் பார்க்க உங்கள் குழந்தை சோதனைச்சாலை அல்ல. அழுது அடம்பிடிக்கிறபோது கொஞ்ச நேரம் வைக்கலாம். ஆறேழு அடி தள்ளி, மெதுவாக. தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதைவிட ஒரு தாலாட்டு மேல். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தை குறை சொல்லாது.

டீச்சரம்மாவுக்குச் சொன்னது

மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. "மேசை விசிறி ஒன்று எடுத்து, ஜன்னல் பக்கம் தரையில் வையுங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்" என்றேன். காற்று நேராக மேலே பட்டால் சிலருக்குக் கழுத்துப் பிடிப்பு, மூக்கடைப்பு, கண் வறட்சி வரும். வாத உடம்புக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நமக்கு வேண்டியது அதன் ஓசை. சத்தம் வருகிற திசையில் வைத்தால் இன்னும் நல்லது, வெளிச் சத்தத்துக்குத் திரை போட்ட மாதிரி இருக்கும்.

எவ்வளவு சத்தம்? டெசிபல் அளக்கும் கருவி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஒரு சுலபமான வழி சொல்கிறேன். படுத்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் இரைச்சல் அதிகம், குறைத்துவிடுங்கள். டெசிபல் கணக்கு விசித்திரமானது. 40க்கும் 50க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைப்போம். ஓசையின் சக்தி அங்கே 10 மடங்கு ஏறியிருக்கும்!

செல்போனில் மழை, அருவி, விசிறி என்று இலவசமாகவே கிடைக்கிறது. வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் தலையணைக்கு அடியில் அல்ல. காதில் செருகியும் அல்ல. இயர்போன் மாட்டிக்கொண்டு விடிய விடியத் தூங்கினால் காதுக் குழாயில் அழுக்கு அடையும், புண் வரும். அறையின் மறுகோடியில் வையுங்கள். அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தானே நிற்கும்படியும் வைக்கலாம். ஆனால் நடுராத்திரியில் முழிப்பு வருபவர்களுக்கு அது பயன்படாது. திடீரென்று நிற்பதே எழுப்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் சன்னமாக வைத்து விடியும்வரை ஓடவிடுவதே நல்லது.

"பாட்டு போட்டுக்கலாமா டாக்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். தூக்கம் வரும்வரை கேளுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம். பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு, வார்த்தை உண்டு. காவல்காரன் தூங்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்!

இதனால் எல்லோருக்கும் பலன் உண்டா? 2021ல் இது சம்பந்தமான 38 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தார்கள். சிலருக்குப் பலன் இருந்தது, சிலருக்கு இல்லை, சிலருக்குத் தொந்தரவாகவும் இருந்தது. ஆதாரம் பலமானதாக இல்லை என்று முடித்தார்கள். படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. அதனால் என் அபிப்பிராயம் இதுதான். வீடு உண்மையிலேயே அமைதியாக இருந்து, நன்றாகத் தூக்கமும் வந்தால், புதிதாக ஓர் இரைச்சலைக் கொண்டு வந்து வைக்காதீர்கள். வெளிச்சத்தம் எழுப்புகிற வீட்டுக்குத்தான் இது.

அந்த வெளிச்சத்தத்துக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். விசேஷ வீட்டுக் கூம்புக் குழாயை நிறுத்தச் சொல்லிப் போனால் ஊர்ப் பகை வரும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வழக்கமான சில யோசனைகளும் டீச்சரம்மாவுக்குச் சொன்னேன். சாயங்காலம் 4 மணிக்கு மேல் காபி வேண்டாம். வாரம் இரண்டு தடவை எண்ணெய்க் குளியல்; குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது. இரவில் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்ப் பொடி. சிட்டிகை என்றால் இரண்டு விரலால் எடுக்கிற அளவுதான். "கொஞ்சத்துக்கே தூக்கம் வருதே" என்று ஸ்பூன் கணக்கில் போட்டால் சாதிக்காய் விஷம். படபடப்பு, மயக்கம், புத்தி பேதலிப்பு வரை போகும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். அமுக்கராச் சூரணத்தையும் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இரண்டு வாரத்தில் வந்தார். முகம் தெளிந்திருந்தது. "செல்லூர்ல தூங்கின மாதிரியே தூங்கறேன் டாக்டர்!" எனக்கு ஒரே பெருமை.

நான் கேட்கத் தவறிய கேள்வி

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடவே கணவர். வயது 64, கனத்த உடம்பு, குட்டையான கழுத்து. நெற்றியில் பிளாஸ்திரி.

"நாகமலை புதுக்கோட்டைக்குப் போய்ட்டு வர்றப்ப ஸ்கூட்டர்லயே கண் அசந்துட்டாராம். நல்ல வேளை, ஓரத்துல மணல்ல சாஞ்சுட்டார்."

"ராத்திரி தூங்கலையாண்ணே?"

"தூங்குறேனே டாக்டர். 9 மணிக்குப் படுத்தா 6 மணிக்குத்தான் எந்திரிக்கிறேன். ஆனாலும் பகல்ல கண்ணைச் சொக்குது."

எனக்குச் சுருக்கென்றது. டீச்சரம்மா பக்கம் திரும்பி, "அண்ணன் குறட்டை விடுவாரா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறீங்க! சும்மா குறட்டை இல்லை. விட்டுக்கிட்டே இருப்பார், டக்னு நின்னு போகும். ஒரு சத்தமும் இருக்காது. எனக்குப் பதறும். அப்புறம் 'ஹக்'னு ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிப்பார். இங்கே வந்தப்புறம் பாதி நாள் என்னை எழுப்பினதே அதுதான். இப்ப விசிறி ஓடறதால எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லை!"

நாயையும் லாரியையும் மயிலையும் விசாரித்த நான், பக்கத்தில் படுத்திருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்சரிக்கை மணியின் மேல் நானே துணியைப் போட்டு மூடியிருக்கிறேன். அதற்கு ஒன்றரை மாதம் பெருமை வேறு!

வாசகர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குறட்டை எல்லோருக்கும் வரலாம். ஆனால் நின்று நின்று, மூச்சுத் திணறி வருகிற குறட்டை ஒரு நோய். ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை அலறிப் புடைத்துக்கொண்டு எழுப்பும். ஒரு மூச்சு இழுத்ததும் மறுபடி தூங்கிவிடுவார். இது ஓர் இரவில் நூறு தடவைக்கு மேல்கூட நடக்கும், காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பகலில் தூக்கம், காலையில் தலைவலி, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம். கவனிக்காமல் விட்டால் இருதய நோயும் பக்கவாதமும் வர வாய்ப்பு அதிகம். தூங்குகிறவருக்கு இந்த நோய் இருப்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

எனவே இரைச்சல் வைப்பதற்கு முன்னால், இரண்டு மூன்று இரவு எதுவும் வைக்காமல் வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேளுங்கள். நடுராத்திரியில் கூப்பிடுகிற நோயாளியோ வயதானவரோ அடுத்த அறையில் இருந்தால், அவர்களைக் கவனிக்கிறவர் காதை மூடுகிற அளவுக்கு எதையும் வைக்கக் கூடாது. காதுக்குள்ளேயே இரைகிறது என்பவர்களுக்கு மெல்லிய வெளி ஓசை ஆறுதல் தருவது உண்மைதான். ஆனால் முதலில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டிக் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே அது.

அவரை நான் வைத்துக்கொள்ளவில்லை. "இது என் கையில் தீர்கிறது இல்லைண்ணே. மதுரையில நுரையீரல் டாக்டரைப் பாருங்க. ஒரு ராத்திரி தூங்க வச்சு டெஸ்ட் எடுப்பாங்க. அதுவரை ஸ்கூட்டரைத் தொடாதீங்க" என்று கடிதம் எழுதி அனுப்பினேன். மல்லாந்து படுக்க வேண்டாம், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள் என்றும் சொன்னேன். இடப்பக்கம் படுக்கச் சொல்லித் தேரையரே விதித்திருக்கிறார். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும் என்பது இன்றைய விளக்கம். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து எடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன்.

டெஸ்டில் நோய் உறுதியானது. மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி, மூச்சு வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் என்ற கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் "யானைக்குட்டி மாதிரி இருக்கு" என்று முரண்டு பிடித்தாராம். இப்போது பழகிவிட்டது. பகல் தூக்கம் இல்லை. காலையில் தாமரைக் குளத்தைச் சுற்றி நடக்கிறார், என் வைத்தியசாலையைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்.

போன வாரம் டீச்சரம்மாவிடம், "விசிறி ஓடுதாம்மா?" என்று கேட்டேன்.

"நிறுத்தியாச்சு டாக்டர். அவரோட மெஷின் ராத்திரி பூரா 'உஸ்ஸ்'னு சன்னமா ஓடுது. எனக்கு அதுவே போதுமா இருக்கு."